கிள்ளையும் கூண்டும்: முள்ளுக்குறிச்சியில் எழுந்த ஒரு வினா

முன்னுரை

தமிழர் வாழ்வில் பறவைகள் பெற்ற இடத்தை ஆராய்வோர் பெரும்பாலும் மயிலையும் அன்றிலையும் அன்னத்தையும் கூறி அமைவர். கிளியைப் பற்றிப் பேசுவோரும் அதன் நிறத்தையும் மொழியையும் வியந்து, மகளிர் மொழிக்கு அது உவமையாகிய இடங்களைத் தொகுத்துக் காட்டி முடித்துக்கொள்வர். கிளியை வீட்டில் வளர்க்கலாமா என்னும் வினாவை இலக்கிய மாணவர் எழுப்புவது அரிது. அவ்வினா நம் வகுப்பறையில் எழுந்தபோது, அதற்கு விடை காண இலக்கியம் மட்டும் போதாது என்பதையும், இலக்கியம் இன்றி விடை கூறுவதும் முறையாகாது என்பதையும் நாம் உணர்ந்தோம்.

நாமக்கல் மாவட்டம் இராசிபுரம் வட்டத்தில், கொல்லிமலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் முள்ளுக்குறிச்சி. அவ்வூரிலிருந்து வந்து பயிலும் மாணவர் ஒருவர், குறிஞ்சித்திணைப் பாடத்தின் நடுவே தம் இல்லத்தில் நிகழும் வழக்கு ஒன்றைக் கூறினார். வெளிநாட்டில் பணியாற்றும் தாய்மாமன், பத்து வயதுத் தங்கைக்கு ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி ஒன்றை வாங்கித் தர முன்வந்துள்ளார். சென்னையில் விற்பவரும் கிடைத்துவிட்டார். தந்தையார் தயங்குகிறார், பாட்டியார் கூண்டுக்கிளி குடும்பத்துக்கு ஆகாது என்கிறார், தங்கையோ கிளிக்குப் பெயரே வைத்துவிட்டாள். “கபிலர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் ஐயா?” என்று அம்மாணவர் கேட்டார். வகுப்பு சிரித்தது. ஆயினும் வினா சிரிப்புக்குரியதன்று. அதனை ஒட்டி நாம் தேடித் தொகுத்த செய்திகளே இக்கட்டுரையாக அமைகின்றன.

கொல்லிமலையும் கிளியும்

கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை கொல்லி. மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று அம்மலையைச் சேரனுக்கு அளித்த வரலாற்றைச் சங்கப் பாடல்கள் குறிக்கின்றன. கொல்லிப்பாவையைக் குறுந்தொகையும் நற்றிணையும் பாடுகின்றன. இத்தகைய மலைநிலத்தின் கருப்பொருளாகிய பறவைகளுள் மயிலும் கிளியும் முதன்மையானவை. ஐங்குறுநூற்றின் குறிஞ்சிப் பகுதியைப் பாடிய கபிலர், கிள்ளைக்கென ஒரு பத்தும் மஞ்ஞைக்கென ஒரு பத்தும் ஒதுக்கியுள்ளார்.

இப்பாடல்களில் கிளி எவ்வாறு தோன்றுகிறது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. அது தினைப்புனத்தில் இறங்கிக் கதிரைக் கவர்ந்து செல்லும் பறவை. அதனை ஓட்டுவதற்காகவே தலைவி புனத்துக்கு அனுப்பப்படுகிறாள். தழல், தட்டை, குளிர் எனக் கிளி கடியும் கருவிகளின் பெயர்களைக் குறிஞ்சிப்பாட்டு பேணி வைத்திருக்கிறது. உழவனுக்குக் கிளி பகை. காதலர்க்கோ அது துணை. கிளி வரவில்லையெனில் தலைவி புனத்துக்கு வருவதில்லை, களவும் இல்லை. அதனாலேயே கிள்ளைப் பத்தின் தலைவன் கிளிகள் ஊழி கடந்தும் வாழ்க என வாழ்த்துகிறான். விரட்டவும் வாழ்த்தவும் உரியதாகக் கிளி அங்கு விளங்குகிறது. மலைநாட்டுப் பாடல்களில் அது காதலரின் களவுக்குத் துணையாவதெல்லாம் பறந்து வந்து பறந்து போகும் பறவையாகவே.

கூண்டுக்கிளி இலக்கியத்தில் இல்லை என்பது நம் கருத்தன்று. பெரும்பாணாற்றுப்படை, மறையோர் ஊரில் கிளிக்கு மறைமொழி பயிற்றப்படுவதைக் காட்டுகிறது. பிற்காலத்தில் கிளிவிடு தூது என்றே நூல்கள் எழுந்தன. பலபட்டடைச் சொக்கநாதப் புலவர் இயற்றிய அழகர் கிளிவிடு தூது இவ்வகையில் பெயர்பெற்றது. மூவேந்தர் முற்றுகையின்போது பறம்பு மலைக்குப் பறவைகள் நெற்கதிர் கொணர்ந்த செய்தியும் அகநானூற்றில் உண்டு. ஔவையார் அதனைக் குருவிகளின் செயலாகப் பாடுகிறார், மரபோ கபிலர் பழக்கிய கிளிகளின் செயலாகக் கூறுகிறது. ஆயின் இவற்றுள் ஒரு வேறுபாடு புலப்படுகிறது. ஊரிலும் மாளிகையிலும் கிளி கற்பிக்கப்படுகிறது, கூண்டில் வைக்கப்படுகிறது. மலையிலோ அது கடியப்படுகிறது. தினை விதைத்தவன் வீட்டில் கூண்டு இருந்ததாக நாம் படித்த குறிஞ்சிப் பாடல்களில் காணவில்லை.

இன்று கொல்லிமலையில் தினையும் சாமையும் கேழ்வரகும் விளைந்த நிலங்களில் பெரும்பகுதி மரவள்ளிக்கு மாறிவிட்டது. அடிவாரத்திலும் சேலம் வரையிலும் உள்ள சவ்வரிசி ஆலைகள் அதற்குக் காரணம். எஞ்சிய சிறுதானிய வகைகளைக் காக்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அம்மலைவாழ் மக்களுடன் இணைந்து நெடுங்காலம் பணியாற்றியுள்ளது. மரவள்ளிக் கிழங்கைக் கிளி தின்பதில்லை. அதனைக் காக்கத் தட்டையும் வேண்டியதில்லை. கிள்ளைப் பத்தைப் பாடம் நடத்தும்போது, மலையடிவாரத்து மாணவர்க்கே தினைக்கதிரைப் படத்தில் காட்ட வேண்டிய நிலை இருப்பதை இடையே குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை.

எது நாட்டுக்கிளி, எது அயற்கிளி?

மாணவர் கூறிய வழக்கில் முதலில் தெளிய வேண்டியது சட்டம். இதில் மக்களிடையே நிலவும் குழப்பம் பெரிது. வேப்பமரப் பொந்தில் கிடைத்த பச்சைக்கிளிக் குஞ்சை வளர்ப்பது குற்றமன்று, வெளிநாட்டுக் கிளியை வளர்ப்பதே குற்றம் எனப் பலர் கருதுகின்றனர். உண்மை பெரும்பாலும் தலைகீழானது.

நம் செந்தார்ப் பைங்கிளி, 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படும் பறவை. இந்தியப் பறவைகளின் வணிகம் 1990-91 காலத்திலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இக்கிளி இரண்டாம் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. பிடிப்பதும் விற்பதும் மட்டுமன்றிக் கூண்டில் வைத்திருப்பதும் குற்றமே. 2023இல் சென்னையில் திரைப்பட நடிகர் ஒருவர் இல்லத்தில் இரண்டு பெருங்கிளிகள் இருந்தமைக்காக வனத்துறையினர் 2.5 இலட்சம் ரூபாய் தண்டம் விதித்தனர். 2024 ஏப்ரலில் மக்களவைத் தேர்தல் வேளையில், கடலூர் மாவட்டத்தில் வேட்பாளர் ஒருவருக்கு வெற்றி எனச் சீட்டு எடுத்துக் கொடுத்த சோதிடக் கிளியும் அதன் துணைக் கிளிகளும் பறிமுதல் செய்யப்பட்டன. தெருமுனைக் கிளிசோதிடரைக் கண்டு வளர்ந்த நமக்கு இது கடுமையாகத் தோன்றலாம். ஆயினும் ஒரு கிளி சீட்டெடுக்கப் பழகுமுன், அதன் சிறகு வெட்டப்பட்டிருக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அயல்நாட்டுப் பறவைகளுக்கு நெறி வேறு. அழிந்துவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் ‘சைட்டிஸ்’ உடன்படிக்கையில் இந்தியா 1976இல் இணைந்தது. எனினும் அப்பறவைகள் உள்நாட்டுக்குள் வந்த பின்னர் அவற்றைக் கேட்பாரில்லாத நிலையே நெடுங்காலம் நீடித்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் இக்குறையை நீக்கி, உடன்படிக்கையில் கண்ட உயிரினங்களை நான்காம் அட்டவணையாகச் சட்டத்தினுள் கொணர்ந்தது. 2024 பிப்ரவரியில் வெளியான பதிவு விதிகளின்படி, அவ்வுயிரினத்தை வைத்திருப்போர் ‘பரிவேஷ்’ இணையதளம் வழியே மாநிலத் தலைமை வனவுயிர்க் காப்பாளரிடம் பதிவு செய்தல் வேண்டும். கைமாறினாலும் இறந்தாலும் குஞ்சு பொரித்தாலும் அறிவித்தல் வேண்டும்.

கிளியினத்தில் ஏறத்தாழ அனைத்தும் இவ்வுடன்படிக்கைக்குள் அடங்கும். விலக்குப் பெற்றவை நான்கே: ஆத்திரேலியாவின் பட்ஜெரிகர், அந்நாட்டின் காக்கடீல், ஆப்பிரிக்காவின் செம்முகக் காதற்கிளி, நம் செந்தார்ப் பைங்கிளி. நான்காவதை நம் நாட்டுச் சட்டமே தடுக்கிறது. எஞ்சிய மூன்றும் கூண்டிலேயே பல தலைமுறையாகப் பெருகியவை. நம் ஊர்களில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கப்படும் சிறு பறவைகளுள் பெரும்பாலானவை உண்மையில் காதற்கிளிகள் அல்ல, பட்ஜெரிகர்களே. 1840இல் ஜான் கோல்டு என்னும் பறவையியலார் இங்கிலாந்துக்கு உயிருடன் கொண்டுசென்ற பசும்பறவையின் வழிவந்தவை. நீலமும் வெள்ளையும் மனிதர் தேர்ந்து பெருக்கிய நிறங்கள்.

அயல் என்பது இடத்தைப் பொறுத்தது என்பதற்கு இலண்டன் சான்று. அங்குக் கூண்டிலிருந்து தப்பிய நம் செந்தார்ப் பைங்கிளிகள் பூங்காக்களில் பெருகி, இன்று ஆயிரக்கணக்கில் வாழ்கின்றன. அங்கு அது அயற்கிளி. சிலர் விரும்புகின்றனர், பழத்தோட்டக்காரர் சிலர் கபிலர் காலத்துக் குறவரைப்போலவே வெறுக்கின்றனர்.

சாம்பல் கிளியின் வரலாறு

மாணவர் தங்கை விரும்பிய சாம்பல் கிளி மேற்கு, நடு ஆப்பிரிக்காவின் மழைக்காடுகளுக்கு உரியது. பேச்சைப் பின்பற்றுவதில் அதற்கு இணையான பறவை இல்லை எனலாம். 1977இல் ஐரீன் பெப்பர்பெர்க் என்னும் அமெரிக்க ஆய்வாளர் சிக்காகோ நகரின் கடை ஒன்றில் வாங்கிய ‘அலெக்சு’ என்னும் சாம்பல் கிளி, நூற்றுக்கும் மேற்பட்ட பொருட்பெயர்களையும் நிறம், வடிவம், எண்ணிக்கை ஆகியவற்றையும் அறிந்து கூறியது. முப்பதாண்டுக் காலம் நடந்த அவ்வாய்வு 2007இல் அக்கிளி இறக்கும் வரை தொடர்ந்தது. கிளியின் பேச்சு வெறும் எதிரொலி என்று கருதியவர்கள் தம் கருத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்தது.

இந்த அறிவே அப்பறவைக்குக் கேடாயிற்று. 1982 முதல் 2001 வரை ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட சாம்பல் கிளிகள் காடுகளில் பிடிக்கப்பட்டுப் பன்னாட்டு வணிகத்தில் விற்கப்பட்டன. வழியில் இறந்தவை இக்கணக்கில் சேரா. கானா நாட்டில் 1992க்குப் பின் அவற்றின் எண்ணிக்கை 90 விழுக்காட்டுக்கு மேல் வீழ்ந்ததை ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். 2016இல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னசுபர்க்கில் கூடிய சைட்டிஸ் மாநாடு, இதனை மிகக் கடுமையான முதற் பின்னிணைப்புக்கு மாற்றியது. 2017 முதல் காட்டில் பிடித்த சாம்பல் கிளியின் பன்னாட்டு வணிகம் தடைபட்டுள்ளது. ஆதலின் இன்று விற்கப்படுவது கூண்டிலேயே பொரித்தது என்பதற்கு விற்பவர் சான்று காட்டியாக வேண்டும். ‘தாள்கள் பிறகு வரும்’ என்னும் வாக்கை நம்பி வாங்குவோர், சென்னை விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளிலிருந்து உயிரினங்கள் மீட்கப்படும் செய்திகளைச் சற்று நினைவுகூர்தல் நலம்.

சட்டத் தடை நீங்கினும் பறவையின் இயல்பு நீங்காது. நன்கு பேணப்பட்ட சாம்பல் கிளி நாற்பது, ஐம்பது ஆண்டு வாழும். பத்து வயதுச் சிறுமி கல்லூரிக்குச் செல்வாள். மணம் முடித்து வேறூர் செல்வாள். கிளி கூண்டில் இருக்கும். அப்போது அதனைப் பார்ப்பவர் யார்? தயங்கும் தந்தையார்தாம், அல்லது ஆகாது என்ற பாட்டியார். கூட்டமாக வாழப் பிறந்த இப்பறவை தனிமையைப் பொறுப்பதில்லை. நாள் முழுதும் பேச்சுத்துணை இன்றி விடப்பட்ட சாம்பல் கிளிகள் தம் இறகைத் தாமே பிடுங்கிக்கொண்டு மார்பு வெறுமையாக நிற்பதைப் பறவை மருத்துவர்கள் அடிக்கடி காண்கின்றனர். வீட்டார் அனைவரும் காலையில் வயலுக்கும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடும் இல்லத்தில் இக்கிளி யாருடன் பேசும்?

உணவிலும் நுட்பம் உண்டு. சூரியகாந்தி விதையையே நாளும் இட்டால் உயிர்ச்சத்து ஏ குறைந்து, கல்லீரலில் கொழுப்புப் படியும். வெண்ணெய்ப்பழமும் சாக்லேட்டும் கிளிக்கு நஞ்சு. ஒட்டாத பூச்சுள்ள தோசைக்கல்லை அளவுக்கு மீறிக் காயவிட்டால் எழும் புகை, அடுக்களைக்கு அருகில் உள்ள கிளியைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். இச்செய்தி நம்மில் பலருக்குப் புதிது.

நாமக்கல்லின் தனிச்சூழல்

முள்ளுக்குறிச்சியின் பொருட்டு நாம் தனியே எடைபோட்ட காரணம் ஒன்று உண்டு. கோழிப்பண்ணைக்குப் பெயர்பெற்றது நாமக்கல் மாவட்டம். முட்டையே பல்லாயிரம் குடும்பங்களின் வாழ்வு. அடிவார ஊர்களில் வீடுதோறும் நாட்டுக்கோழியும் உண்டு. கோழி வளர்ப்போர் அஞ்சும் வெள்ளைக்கழிச்சல் நோய், ‘இராணிக்கேத்’ என நம் நாட்டு ஊர்ப்பெயராலும் வழங்குவது, கிளிகளையும் பற்றும். கிளி வெளித்தோற்றத்தில் நலமாக இருந்துகொண்டே அந்நோய்க்கிருமியை மாதக்கணக்கில் எச்சத்தின் வழி வெளியேற்றக் கூடும். 1971 முதல் 1973 வரை அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியாவில் இந்நோய் பரவி, ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் பறவைகள் அழிக்கப்பட்டன. தொடக்கத்தைத் தேடியபோது, வளர்ப்புக்காக இறக்குமதியான அயல்நாட்டுக் கிளிகளிடம் அது சென்று முடிந்தது. 2005இல் பிரித்தானியாவில் நோய்க்காப்பில் வைக்கப்பட்ட கிளி ஒன்று பறவைக்காய்ச்சலால் இறந்ததும், ஐரோப்பிய ஒன்றியம் காட்டுப்பறவை இறக்குமதியை நிறுத்தி, 2007இல் அத்தடையை நிலையாக்கியது.

மனிதர்க்கும் இடர் உண்டு. 1929-30இல் தென்னமெரிக்கக் கிளிகள் வழியே பல நாடுகளில் பரவிய கிளிக்காய்ச்சல் உயிர்களைக் குடித்தது. இன்று அதற்கு மருந்து உண்டு. ஆயினும் கூண்டின் காய்ந்த எச்சத்தூளை மூச்சில் இழுத்த முதியோர்க்கு வரும் நுரையீரல் அழற்சியைச் சளி என்று எண்ணிவிடும் வாய்ப்பு மிகுதி. அந்த இல்லத்தில் பாட்டியார் இருக்கிறார் என்பதை நாம் மறக்கவில்லை.

நற்பேறாக நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கிவருகிறது. பறவை வளர்க்க எண்ணும் எவரும் வாங்குவதற்கு முன் அங்குச் சென்று வினவுதல் தகும். வாங்கிய பின் நோயுடன் செல்வதே நம் வழக்கமாக உள்ளது.

கூண்டின் அறம்

இவ்வினாவை அற நோக்கிலும் சான்றோர் எண்ணியுள்ளனர். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலத்தை நம் மாணவர் நன்கறிவர். வேடனிடம் சிக்கிய பிணைமான், கன்றுக்குப் பாலூட்டி வரும்வரை அதற்காகத் தாமே பிணையாகிறார் நபிகள் நாயகம். சிறுவர் அபூ உமைர் தாம் வளர்த்த குருவி இறந்து வாடியபோது நாயகம் அவரிடம் அன்புடன் வினவிய நிகழ்ச்சியும் உண்டு. நன்கு பேணுவோர் பறவை வளர்க்கலாம் என்பதற்கு அறிஞர் சிலர் இதனைச் சான்றாகக் கொள்வர். முன்னது விடுவித்தலின் அருமையையும் பின்னது பேணுதலின் இசைவையும் கூறுகின்றன. இந்திய நீதிமன்றங்களும் இதனை எண்ணாமல் இல்லை. பறவைக்கு வானில் பறக்கும் உரிமை உண்டு எனத் தில்லி உயர்நீதிமன்றம் 2015இல் கருத்துரைத்தது. 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டமோ இயல்பாக அசைய இடமற்ற கூண்டில் அடைப்பதை நெடுங்காலமாகவே குற்றமாக்கியுள்ளது.

நம் தீர்ப்பு

இவற்றையெல்லாம் எண்ணி, முள்ளுக்குறிச்சி இல்லத்துக்குச் சாம்பல் கிளி வேண்டா என்றே நாம் கூறினோம். பதிவு செய்யலாம், பணமும் இருக்கலாம். ஆனால் ஐம்பதாண்டுத் துணையை ஒரு பத்து வயது விருப்பத்தின் மேல் ஏற்றுவது பறவைக்கும் சிறுமிக்கும் சுமை. மாமன் மனம் நோகும் என்பதை நாம் அறிவோம். அவர் அனுப்பும் பணத்தில் தொலைநோக்காடி ஒன்று வாங்கினால் கொல்லிமலையின் பறவைகள் அனைத்தும் அச்சிறுமிக்கு உரியனவாகும் என்று ஆசிரியர் ஒருவர் கூறினார். நல்ல யோசனைதான், எனினும் கையில் ஏந்த விரும்பும் குழந்தைக்கு அது முழு விடையாகாது.

ஆதலின் வீட்டார் மனம் ஒத்தால் பட்ஜெரிகர் இணை ஒன்று வளர்க்கத் தடையில்லை. ஐந்து முதல் பத்தாண்டு வாழும், பதிவு வேண்டா, சிறுமியின் பள்ளிப்பருவத்தோடு ஏறத்தாழ அதன் வாழ்நாளும் செல்லும். ஒற்றைப் பறவையாக வாங்குதல் கூடாது. கூண்டு உயரத்தைவிட நீளம் மிகுந்ததாக, சிறகு விரித்துப் பறக்குமளவு அமைதல் வேண்டும். வட்டக்கூண்டு கண்ணுக்கு அழகு, பறவைக்குத் துன்பம். கம்பிகளின் இடைவெளி 12 மில்லிமீட்டருக்கு மிகாதிருக்க, உட்கார வழவழப்பான நெகிழிக் குச்சிக்கு மாறாகப் பருமன் வேறுபட்ட கொய்யா, வேம்புக் கிளைகளை இடுக. தினை இதற்குச் சிறந்த உணவு என்பது நமக்கு மகிழ்ச்சி தந்த செய்தி. மலைமேல் விளையும் தினையைக் கதிரோடே வாங்கித் தொங்கவிட்டால் பறவைக்கு உணவும் விளையாட்டும் ஆகும், உழவர்க்கும் ஒரு சிறு வாணிகம். கீரையும் காரட்டும் சேர்த்தல் வேண்டும். இரவில் பத்து மணி நேரம் இருளும் அமைதியும் தேவை. தொலைக்காட்சி உள்ள கூடத்தில் கூண்டு வைப்பது பொருந்தாது.

வாங்கிய முதல் முப்பது நாள் அப்பறவைகளைத் தனியறையில் வைத்து, நோய்க்குறி இல்லை என உறுதி செய்த பின்னரே கூடத்துக்குக் கொணர்தல் வேண்டும். கூண்டைத் தொட்ட கையைக் கழுவாமல் கோழிக்கூட்டுக்குச் செல்லலாகாது. கூண்டுக் குப்பையைக் கோழிகள் கிளறும் எருக்குழியில் கொட்டுதலும் ஆகாது. கூண்டை மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு நீர் தெளித்துத் துடைத்தல் வேண்டும், உலர்ந்தபடி பெருக்குதல் கூடாது. இப்பணியைப் பாட்டியாரிடம் விடாமல் தந்தையாரோ அண்ணனோ ஏற்க இசைந்த பின்னரே இணையை வாங்கச் செல்வது முறை.